ஈசான மூலையில் விழுந்த கொங்கிறீற்

படிவம் நிரப்புவது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. அதையெல்லாம் இப்போது கம்பியூட்டரே நிரப்புகிறது, பிழை விட்டால் அதுவே சிவப்புக் கோடும் போடுகிறது. லண்டன் டூட்டிங்கில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில், கீழேயிருந்து கருவாடு மணக்க மணக்க, இருபத்தாறு வருஷம் மோட்கேஜ் புரோக்கராக இருந்தவன் நான். வீடு வாங்க வரும் எங்கள் சனத்துக்கு எந்த பாங்கில், என்ன நிபந்தனையில் கடன் கிடைக்கும் என்று தேடிக் கொடுப்பதுதான் தொழில். நல்ல வேலைகளும் நிறையச் செய்தேன். அவற்றைப் பற்றி அறிய வேண்டுமென்றால் என் மனைவியைக் கேளுங்கள், கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடம். நான் எழுத உட்கார்ந்தது கம்பியூட்டர் கோடு போடாத ஒரு பிழையைப் பற்றி.

அதற்கு முன் ஒரு பெண்மணியை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். ஒரு பாங்கில் அண்டர்ரைட்டராக இருந்தவர், அதாவது கடன் கொடுக்கலாமா வேண்டாமா என்று கடைசி வார்த்தை சொல்பவர். ஸ்கொட்லாந்துப் பேச்சு. முகத்தை ஒருநாளும் கண்டதில்லை, எல்லாம் தொலைபேசியில்தான். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது, ஆகவே விடுகிறேன். தொழில் தொடங்கிய புதிதில், ஆற்றங்கரையோரம் இருந்த ஒரு சின்ன வீட்டுக்கு அவரிடம் விண்ணப்பம் அனுப்பினேன். தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைத்த வீடு. இரண்டு படுக்கையறை, சமையலறை, வாசலில் பூந்தொட்டி, வேறென்ன வேண்டும்? அடுத்த நாளே அழைத்தார்.

"அதற்குக் கீழே சக்கரம், சில்லு ஏதும் இருக்கிறதா?" என்றார்.

"சுற்றிவரப் பலகை அடித்து மூடியிருக்கிறது, தெரியவில்லை" என்றேன்.

"அப்படியென்றால் குனிந்து பாருங்கள்."

போனேன். கோட்டுச் சூட்டோடு ஈரப்புல்லில் முழங்காலில் நின்று, ஒரு பலகையை விலக்கிப் பார்த்தேன். உள்ளே வரிசையாகச் சில்லு. வீட்டுக்காரக் கிழவர் தேத்தண்ணிக் கோப்பையோடு என் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்கு விளங்கியது இதுதான். பாங்க் கடன் கொடுப்பது காணிக்கும், காணியோடு ஒன்றாகிவிட்ட கட்டடத்துக்கும். இழுத்துக்கொண்டு போகக்கூடியது எதுவும் அவர்களுக்கு வீடல்ல, சாமான். தொழிற்சாலையில் செய்த வீடென்றால் அதை நிரந்தரமான அத்திவாரத்தில் பூட்டியிருக்க வேண்டும், அந்த அத்திவாரத்தைப் பார்க்க வேண்டியவர் பார்த்துக் கையெழுத்தும் வைத்திருக்க வேண்டும். கட்டில் அலுமாரி எத்தனை அழகாக இருந்தாலும் அவர்கள் கேட்பது மண்ணுக்குக் கீழே இருப்பதைத்தான்.

சிவாவும் ஜெயந்தியும் என்னிடம் வந்தபோது இந்தப் பாடமெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நினைத்திருந்தேன்.

சிவா வயரிங் வேலைக்காரர். ஜெர்மனியில் பதினாலு வருஷம் இருந்துவிட்டு, பிள்ளையின் படிப்புக்கென்று லண்டனுக்கு வந்தவர். மனைவி ஜெயந்தி மருந்துக்கடையில் வேலை. ஸ்ட்ரெதமில் ஒரு தெருவின் பின்பக்கம் பழைய கராஜ்கள் நின்ற துண்டுக் காணி ஒன்று விலைக்கு வந்தது. ஜெர்மனியில் வீடு செய்வித்து இறக்கி அதில் பூட்டுவது என்பது சிவாவின் திட்டம்.

"அண்ணை, அங்க ஆர் இப்ப செங்கல் அடுக்குறது? சுவர், யன்னல், கதவு எல்லாம் ஃபாக்டரியில பூட்டி லொறியில வரும். மூண்டு நாளில வீடு எழும்பும்" என்றார்.

"எழும்பின பிறகும் எழும்பிப் போகாம நிக்கவேணும், பாங்குக்கு அதுதான் முக்கியம்" என்றேன். என் பகிடிக்கு நானே சிரித்தேன், அவர்களும் மரியாதைக்குச் சிரித்தார்கள்.

காணிக்கும் வீட்டுக்கும் சிவா எடுத்தது பிரிட்ஜிங் லோன். ஒன்பது மாதத்துக்கு மட்டும் கிடைக்கும் கடன். அதற்குள் வீடு எழும்பி, பில்டிங் இன்ஸ்பெக்டர் இறுதிச் சான்றிதழ் கொடுத்து, அதைக் காட்டி பாங்கில் மோட்கேஜ் வாங்கி இந்தக் கடனை அடைக்க வேண்டும். தவறினால் காணியும் அதன்மேல் நிற்கும் வீடும் கடன் கொடுத்தவன் கைக்குப் போய்விடும். அவர்களிடம் இருந்த சேமிப்பு முழுவதும் அதற்குள்தான் கிடந்தது. ஜெயந்தியின் தாலிக்கொடி தவிர மற்ற நகைகளும் போயிருந்தன.

காணியில் ஒரேயொரு வில்லங்கம். வடகிழக்கு மூலையில், பக்கத்து வீட்டு மதிலுக்கு அப்பால், பெரிய ஓக் மரம் ஒன்று நின்றது. லண்டன் மண் களிமண். மரம் தண்ணீரை உறிஞ்சினால் சுருங்கும், மழை பெய்தால் ஊதும், மேலே நிற்கும் வீட்டையும் சேர்த்து ஆட்டும். ஆகவே அந்தப் பக்கம் அத்திவாரக் குழி ஒன்றரை மீற்றர் ஆழம் இருக்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். குழியைத் தான் வந்து அளந்த பிறகுதான் கொங்கிறீற் ஊற்றலாம் என்றும் சொல்லியிருந்தார்.

அதன் பிறகு நடந்தது எங்கள் சனத்துக்கு மட்டுமே நடக்கக்கூடியது.

அத்திவாரக் கல் வைக்க ஐயரிடம் நாள் கேட்டார்கள். ஒரு வியாழக்கிழமை காலை ஏழேகாலிலிருந்து ஏழே முக்கால் வரை சுபநேரம், அதை விட்டால் இரண்டு மாதத்துக்கு நல்ல நாளில்லை என்றார் அவர். இன்ஸ்பெக்டர் வருவது பத்து மணிக்கு. கொங்கிறீற் லொறிக்குப் பதினொரு மணி. பிரச்சினையே இல்லை. காலையில் கல்லை வைப்போம், பத்துக்கு அவர் பார்ப்பார், பதினொன்றுக்கு ஊற்றுவோம். கடதாசியில் எல்லாம் வடிவாகத்தான் இருந்தது.

எனக்கும் அழைப்பு. வேட்டிக்கு மேல் கம்பளிக் கோட்டு, கீழே தடித்த காலுறை, இந்தக் கோலத்தில் ஸ்ட்ரெதமில் போய் இறங்கினேன். ஐம்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். வீடியோக்காரர் ஒருவர் கமராவைத் தோளில் வைத்துக்கொண்டு எல்லோருடைய காலையும் மிதித்துத் திரிந்தார். ஈசான மூலையில்தானே கல் வைப்பது? அது அந்த ஓக் மர மூலை. சிவா ஏணியால் குழிக்குள் இறங்கினார். மேலே நின்று ஜெயந்தி தட்டத்தைக் கொடுக்க, அவர் உள்ளே நின்று கல்லை வைத்தார். இந்தக் காலத்துப் பாதுகாப்பு அதிகாரிகள் கண்டிருந்தால் அந்த இடத்திலேயே மயங்கி விழுந்திருப்பார்கள்.

ஏழரைக்கு, யாரும் எதிர்பாராமல், லொறி வந்து நின்றது. முந்தைய இடத்தில் வேலை ரத்தாகிவிட்டதாம். அந்த ஒடுங்கிய தெருவை அடைத்துக்கொண்டு நின்ற லொறிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண் கார் ஹோர்னை விடாமல் அடித்தார். இப்போது எடுங்கள், இல்லையென்றால் திருப்பிக்கொண்டு போகிறேன், உள்ளே இறுகிவிடும் என்றார் சாரதி. சிவா தயங்கினார். இன்ஸ்பெக்டர் இன்னும் வரவில்லையே என்றார். அதற்குள் ஜெயந்தியின் மாமி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டா.

"பிள்ளையார் அனுப்பின லொறி! சுபநேரத்துக்குள்ள வந்து நிக்குது. திருப்பி அனுப்பிறதோ?"

"நேரம் போகுது, நேரம் போகுது" என்றார் ஐயர்.

ஆளாளுக்குக் கத்தினார்கள். யாரோ ஊற்றச் சொன்னார்கள், கொங்கிறீற் விழத் தொடங்கியது, எல்லோரும் கைதட்டினார்கள். பின்னாலேயே அதே ரத்தான வேலைக்கென்று கிளம்பிய மற்ற லொறிகளும் வந்தன. நான் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கெல்லாம் டூட்டிங் போய்விட்டேன். அந்தக் காலை என் நினைவில் இருந்தது இப்படித்தான். இதைக் கவனமாக எழுதுகிறேன்.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தபோது குழி இல்லை, அது இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் கொங்கிறீற் மினுங்கிக்கொண்டு இருந்ததாம். மனிதர் சத்தம் போடவில்லை. கொப்பியில் 'பார்க்கவில்லை' என்று ஒரு சொல் எழுதிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு மாதத்தில் வீடு வந்தது. பாரந்தூக்கி அந்தச் சுவர்களைத் தெருவுக்கு மேலால் தூக்கி வைக்க, அயலட்டையே வெளியில் கதிரை போட்டிருந்து வேடிக்கை பார்த்தது. முன்பு ஹோர்ன் அடித்த பெண்ணும் பிஸ்கட்டோடு வந்து நின்றார். சும்மா சொல்லக்கூடாது, அழகான வீடு. அடிச்சட்டத்தை அத்திவாரத்தோடு பூட்டிய இரும்புப் பட்டிகளை எல்லாம் இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்றுக்கொண்டார். அத்திவாரத்தின் ஆழத்துக்குத்தான் அவரிடம் பதில் இல்லை. மூன்று பக்கம் ஓரமாகக் கிண்டிப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. மரப்பக்கம் கிண்ட முடியாது. மதில் நெருக்கம், ஓக் மரத்து வேரைத் தொட கவுன்சில் விடாது. ஆழம் முக்கியமாக இருந்த அந்த ஒரே பக்கத்தை யாருமே பார்க்கவில்லை. சான்றிதழ் தர ஏலாது என்று சொல்லிவிட்டார்.

கடன் முடிய ஐந்து கிழமை, முப்பத்தைந்து நாள், இருந்தது.

அவர்கள் இருவரும் என் ஒஃபிசுக்கு வந்த நாள் நல்ல வெயில். ஜெயந்தி கதிரையில் உட்காரவில்லை.

"அண்ணை, நீங்கள் சொன்னபடியாத்தான் ஊத்தினதெண்டு இவர் சொன்னார்" என்றா.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. "நானோ? நான் மோட்கேஜ் புரோக்கர் பிள்ளை! கொங்கிறீற் ஊத்தச் சொல்ல எனக்கென்ன விசரோ? இன்ஸ்பெக்டர் பாக்காம ஊத்தக்கூடாது எண்டு எனக்குத் தெரியாதோ?" என்று குரல் உயர்த்தினேன். கீழே கடையில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். பிறகு சிவாவின் பக்கம் திரும்பினேன். "சிவா, நீர் சொல்லும். நான் சொன்னனானோ?"

சிவா மேசையைப் பார்த்தார்.

"இல்லை அண்ணை. நான்தான் அவசரப்பட்டுட்டன்."

ஜெயந்தி அவரைத் திரும்பிப் பார்த்தா. அப்படியே படியிறங்கிப் போனா. அடுத்த நாள் மகளையும் கூட்டிக்கொண்டு அப்டன் பார்க்கில் இருந்த தமக்கை வீட்டுக்குப் போய்விட்டதாகப் பிறகு அறிந்தேன். குடும்பம் நடுத்தெருவில் நிற்கிறது, அதற்குக் காரணம் தன் புருஷனின் அவசரம் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? 'பாவம் பெட்டை, ஆனால் சிவாவும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்' என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டு மீன்குழம்பு சாப்பிட்டேன். இப்போது அதை நினைத்தால் எனக்கே என்னில் அருவருப்பாக இருக்கிறது.

மூன்று கிழமை ஓடித் திரிந்தேன். நாலு பாங்கில் கேட்டேன், எல்லோரும் கேட்டது அதே ஒரு தாளைத்தான். கடைசியில் நம்முடைய ஸ்கொட்லாந்துப் பெண்மணிக்கே ஃபோன் எடுத்தேன். இத்தனை வருஷப் பழக்கம், என் வார்த்தையை நம்பலாம் என்றெல்லாம் இழுத்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"உங்களை நம்புகிறேனா இல்லையா என்பதல்ல கேள்வி. மரப்பக்கத்துக் குழியை யார் பார்த்தார்கள்?"

"ஐம்பது பேர் பார்த்தார்கள்" என்றேன் எரிச்சலோடு.

"அளந்தது யார்?"

யாருமில்லை.

அந்தக் கிழமை முடிவில் ஜெயந்தி தொலைபேசியில் அழைத்தா. "அண்ணை, ஒருக்கா அப்டன் பார்க்குக்கு வாங்கோ" என்றா. குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் வீடியோக்காரர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கலியாணம் நடந்து, பிள்ளை பிறந்து, அதன் பிறந்தநாளும் கொண்டாடி முடிந்த பிறகுதான் கலியாண வீடியோவைக் கொண்டுவந்து தருவார்கள். நாலு மாதம் கழித்து அன்றைக்குத்தான் அவர் ஜெயந்தியிடம் அத்திவார வீடியோவைக் கொடுத்திருந்தார். பாட்டுப் போட்டு, பூவெல்லாம் பறக்கவிட்ட ஒரு பதிப்பு. வெட்டாமல் எடுத்தபடியே இருக்கும் மற்றது. ஜெயந்தி போட்டது இரண்டாவதை. தமக்கை வீட்டு வரவேற்பறையில், சுவரளவு டீவியில், நான் வந்தேன்.

வேட்டி. கோட்டு. ஒரு கையில் பொங்கல் தட்டு. மற்றக் கையால் போக்குவரத்துப் பொலிஸ்காரன் மாதிரி லொறிக்கு வழி காட்டிக்கொண்டு குழியோரம் நிற்கிறேன். ஐயர் நேரம் போகுது என்கிறார். சிவா என்னைப் பார்த்து, "அண்ணை, இன்ஸ்பெக்டர் வரேல்லையே, என்ன செய்யிறது?" என்று கேட்கிறார். தெளிவாகக் கேட்கிறார். நான் வாயில் இருந்த பொங்கலை விழுங்கிவிட்டுச் சொல்கிறேன்:

"ஊத்துங்கோ தம்பி! இன்ஸ்பெக்டரை நான் பாக்கிறன்."

தமக்கையின் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அங்கிள், யூ லுக் ஸோ ஃபன்னி!" என்றாள் ஒருத்தி. ஜெயந்தி சிரிக்கவில்லை.

"மூண்டு கிழமை நான் அந்த மனுசனோட ஒரு கதை கதைக்கேல்லை அண்ணை" என்றா.

என்ன சொல்வது? நான் சத்தியமாகப் பொய் சொல்லவில்லை. எனக்கு அது நினைவில் இல்லை. சபையில் பெரிய மனிதனாக நின்று, எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு சொல்லை எறிந்துவிட்டுப் போயிருக்கிறேன். அது எனக்கு ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. அதனால்தான் நினைவிலும் தங்கவில்லை. காது மடலெல்லாம் சுட்டது, நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

"பின்னுக்குக் கொஞ்சம் திருப்பிப் போடு பிள்ளை" என்றேன், வேறெங்காவது பார்க்க வேண்டும் என்பதற்காக. அப்போதுதான் கண்டேன். குழிக்குள் வெறுங்காலோடு நிற்கும் சிவா. மண் விளிம்பு அவருடைய மூக்கடியில் நிற்கிறது. பின்னால் மதில், அதற்குப் பின்னால் ஓக் மரம். அவர் ஏணியால் ஏறி வெளியே வருகிறார், கமரா அசையவில்லை, அதே குழிக்குள் கொங்கிறீற் விழுகிறது. ஐம்பது பேர் பார்த்தும் அளக்காததைக் கமரா அளந்து வைத்திருந்தது.

"தங்கச்சி, வீடு தப்பிட்டுது!" என்று கத்தியேவிட்டேன்.

விளங்கியதும் அவ அழத் தொடங்கினா. அழுது முடித்து, கண்ணைத் துடைத்துவிட்டு மெதுவாகச் சொன்னா: "அண்ணை, நீங்கள் ஊத்தச் சொல்லுற இடத்தை மட்டும் வெட்டிப்போட்டு அனுப்புவம். அந்த வீடியோத் தம்பி செய்து தருவார். உங்கட பேர் கெடவேண்டாம்."

என் மானம் காக்க அவ வழி சொல்கிறா! நானும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், "ஓம், அது நல்லது" என்றேன்.

ரெயிலில் ஏறி இருந்த பிறகு மூளை வேலை செய்யத் தொடங்கியது. சிவா குழியிலிருந்து ஏறுவதற்கும் கொங்கிறீற் விழுவதற்கும் நடுவில் நிற்பவன் நான். என்னை வெட்டினால் வீடியோ அந்த இடத்தில் முறியும். அந்த இடைவெளியில் குழிக்குள் மண் சரிந்திருக்கலாம், வேறு குழியாகவும் இருந்திருக்கலாம், யார் கண்டது? அந்தப் பெண்மணி முதலில் கேட்பதே அதைத்தான். நான் முழுதாக உள்ளே இருந்தால் வீடு தப்பும். நான் தப்பினால் வீடு போகும். விஷயம் அவ்வளவுதான். இருந்தும் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்வரை வேறு வழி ஏதும் இருக்கிறதா என்று தேடிக்கொண்டுதான் போனேன். லைசென்ஸ் போகலாம், டூட்டிங் முழுக்க என் கதை பரவலாம். பயம் பயம்தான்.

வீட்டுக்கு வந்து ஜெயந்திக்கு எடுத்தேன். "வெட்ட வேண்டாம் பிள்ளை, அப்பிடியே அனுப்பு" என்றேன். பிறகு உட்கார்ந்து, வீடியோவோடு இன்ஸ்பெக்டருக்கும் பாங்குக்கும் அனுப்ப ஒரு கடிதம் எழுதினேன். இன்ஸ்பெக்டர் வருமுன் ஊற்றச் சொன்னவன் நான், அப்படிச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் இருக்கவில்லை, வாடிக்கையாளர் தயங்கினார், அவரில் பிழையில்லை. நாலே வரி. இருபத்தாறு வருஷத்தில் அவ்வளவு நேரம் எடுத்து எழுதிய கடிதம் வேறில்லை.

இன்ஸ்பெக்டர் வீடியோவை மூன்று தரம் பார்த்தார். பிறகு சிவாவை அழைத்து, சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, புது வீட்டுச் சுவரோடு நிறுத்தி, நிலத்திலிருந்து மூக்கடி வரை நாடாவைப் பிடித்து அளந்தார். ஒரு மீற்றர் ஐம்பத்திரண்டு. தன் வாழ்க்கையில் அத்திவாரத்தை இப்படி அளந்ததில்லை என்று சொல்லி முதல்முறையாகச் சிரித்தார். எஞ்சினியர் ஒருவரின் கடிதமும் சேர்ந்தது. சான்றிதழ் கையெழுத்தானது.

பாங்கிலிருந்து அழைப்பு வந்தது. "வீடியோவை முழுவதும் பார்த்தேன். கையில் சாப்பாட்டோடு நிற்பவர் யார்?" என்றார் அந்தப் பெண்மணி.

"நான்தான்."

"நினைத்தேன். உங்கள் கடிதத்தையும் வாசித்தேன். தனக்குப் பாதகமானதைக் காட்டுகிறவர் மற்றதை மறைக்க மாட்டார் என்று ஃபைலில் எழுதி, கையெழுத்தும் வைத்துவிட்டேன்." பிறகு, "சாப்பாடு நன்றாக இருந்ததா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். கடன் முடிய நாலு நாள் இருக்க மோட்கேஜ் வந்தது. லைசென்ஸ் கொடுக்கிறவர்களிடமிருந்து எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. வாங்க வேண்டியதைத்தான் வாங்கினேன்.

ஆனால் நான் இன்னும் சிவாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை ஸ்ட்ரெதமுக்குப் போனேன். ஜெயந்தி உள்ளே பெட்டிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தா. சிவா ஏணியில் நின்று வாசலுக்கு மின்குமிழ் பூட்டிக்கொண்டிருந்தார். இறங்கி வாரும் என்றேன். இறங்கினார். வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வசனம் ஒன்றும் வரவில்லை.

"சிவா, பிழை என்னில. உம்மட மனுசிக்கு முன்னால உம்மைக் குற்றவாளியாக்கிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளும்."

"ஐயோ, என்னண்ணை நீங்கள்! அதை விடுங்கோ" என்றார் பதறி.

"விட ஏலாது. ஒண்டு கேக்கிறன். நான் சொன்னது உமக்கு ஞாபகம் இருந்ததுதானே?"

கையிலிருந்த ஸ்குறூ டிரைவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருந்தது அண்ணை."

"பிறகேன் இல்லை எண்டனீர்? ஜெயந்தி விட்டிட்டுப் போகேக்கையும் ஏன் சொல்லேல்லை?"

"எங்களுக்காக பாங்கில கதைக்க நீங்கள் ஒருத்தர்தானே அண்ணை இருந்தீங்கள். அண்டைக்கு நீங்கள் சத்தம் போட்டீங்கள். நானும் எதிர்த்துச் சொல்லி, நீங்கள் கோவிச்சு ஃபைலை மூடியிருந்தா, பிறகு நாங்கள் எங்க போறது?"

அதுவரை இத்தனை வருஷமாக என் மேசைக்கு முன்னால் வந்திருந்த சனமெல்லாம் தலையாட்டியது நான் சொன்னது சரி என்பதால் என்றுதான் நினைத்திருந்தேன். எத்தனை பேர் பயத்தில் ஆட்டினார்களோ, எனக்குத் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. அன்றைக்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, யாராவது "ஓம் அண்ணை" என்று சொன்னால் நான் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "இல்லை, உங்கட மனசில என்ன இருக்கு?" என்று இன்னொரு தரம் கேட்டேன். நீங்களும் கேளுங்கள், பதில் வரும்வரை பேசாமல் இருங்கள்.